வரிமுடிவில் ஒளிந்திருக்கும் வழு

தரவுக்குப் பாதுகாப்பான உறைவிடம் வெற்றுரைக் கோப்பே என்று நம் விரிவுரை மண்டபங்களில் ஓதப்படுகிறது. எந்தக் கணினியும் அதனைத் திறக்கும். எந்த நிறுவனத்துக்கும் அது அடிமையன்று என்பர். உண்மையே. ஆயின், அவ்வுரையில் ஒரு வரி எங்கே முடிகிறது என்னும் சிறு வினாவுக்குக்கூட உலகு ஒரே விடை தரவில்லை.

பழைய தொலையச்சுப் பொறியில் ஒரு வரியை முடிக்க இரு கட்டளைகள் வேண்டியிருந்தன. அச்சுமுனையை இடவோரத்துக்கு மீட்பது ஒன்று. தாளை ஒரு வரி உயர்த்துவது மற்றொன்று. ஆஸ்கி அட்டவணையில் முன்னதற்கு 13, பின்னதற்கு 10 என எண்கள் அமைந்தன. பொறி மறைந்தது, எச்சம் மறையவில்லை. விண்டோஸ் இரண்டையும் காத்தது. யுனிக்ஸ் 10ஐ மட்டும் கொண்டது. பழைய மக்கிண்டோஷ் 13ஐ மட்டும் கொண்டது.

இதனால் விளையும் கேடு யாது? திருகோணமலைத் துறைமுகத்தைச் சூழ்ந்த ஊர்களின் மீனவர் குடும்பப் பட்டியலொன்றை எண்ணிப் பாருங்கள். அதன் கடைசி நிரலில் ஊர்ப்பெயர். விண்டோசில் எழுதிய பகுதியையும் யுனிக்சில் எழுதிய பகுதியையும் இணைத்து, 10ஐ மட்டுமே வரிமுடிவாகக் கொள்ளும் செய்நிரலால் எண்ணினால், 'மூதூர்' ஒன்று, கண்ணுக்குத் தெரியாத 13ஐ வாலாகக் கொண்ட 'மூதூர்' மற்றொன்று என ஓர் ஊர் இரண்டாகப் பிளக்கும். கிண்ணியாவுக்கும் அதே கதி. திரையில் இரண்டும் ஒன்றே, கணக்கில் வேறு. 2004 திசெம்பர் 26இல் கடற்கோளைக் கண்ட இக்கரையில், பெயர்ப்பட்டியலின் பிழை ஒரு குடும்பத்தின் உணவையும் உறையுளையும் தொடும் பிழையாகும்.

"இன்றைய மென்பொருள்கள் இதனைத் தாமே சரிசெய்துவிடும்" என்பார் உளர். மைக்ரோசொஃப்ட் தன் நோட்பேட்டுக்கு ஏனைய இருவகை வரிமுடிவுகளையும் கற்பித்தது 2018இல் அன்றோ! மேலும், ஊகித்துத் திறக்கும் மென்பொருள் வழுவைத் தீர்ப்பதில்லை, மறைக்கிறது. திரையில் ஒழுங்காகத் தெரிவதை ஆய்வாளன் ஐயுறுவதில்லை. காற்புள்ளியால் பிரித்த கோப்புகளுக்கு 2005இல் வெளியான ஆர்.எஃப்.சி. 4180 இரட்டை முடிவையே வரையறுத்தது; ஆயினும் அது யாரையும் கட்டுப்படுத்தாத தகவற்குறிப்பே.

துறைமுகத்தினுள் நுழையும் கப்பல் தன் சரக்கை அறிவித்தாக வேண்டும். கோப்புக்கு மட்டும் அவ்விதி ஏன் இல்லை? தரவு வெளியிடும் ஒவ்வொரு துறையும் எழுத்துக் குறிமுறை, பிரிகுறி, வரிமுடிவு ஆகிய மூன்றையும் கோப்புடன் எழுதி அறிவிக்கட்டும். பட்டியல்களை இணைக்குமுன் வரிமுடிவுகள் ஒருபடுத்தப்படட்டும். அறிவிப்பில்லாத கோப்பின்மேல் எழுந்த ஆய்வேட்டைத் திருப்பியனுப்பும் துணிவு விரிவுரையாளர்க்கு வரட்டும். மாணவன் இராமுழுதும் விழித்துத் தேடும் வழுவை, வெளியிட்டவர் ஒரே வரியில் தவிர்த்திருக்கலாம். அந்த ஒரு வரியைக் கேட்டுப்பெறுவது நம் உரிமை. எழுதிக் கொடுப்பது நம் கடமை.