இலுப்பைப்பூவும் சர்க்கரைதான்

இரவு எட்டேகால். போடிங் அறையில் நாங்கள் நாலு பேர். அவிச்ச முட்டை, மீன் குழம்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, கோப்பை நிறையக் கீரைச் சுண்டல், கைப்பிடி அளவு சிவப்பரிசிச் சோறு. சாப்பிட்டு முடிஞ்சுது. வயிறு நிறைஞ்சிட்டுது. ஆனாலும் ஒருத்தி எழும்பிப் போய் அலமாரியைத் திறக்கிறாள்.

"என்னடி தேடுறாய்?"

"ஒண்டுமில்லை."

எங்கட அறையில் "ஒண்டுமில்லை" என்றால் சீனிப்போத்தலைத் தேடுகிறாள் என்று அர்த்தம். மற்ற மூண்டு பேருக்கும் அது தெரியும், ஏனென்றால் அந்த நேரத்தில் மூண்டு பேருக்கும் அதே யோசினைதான்.

நாங்கள் மாச்சத்தைக் குறைச்சுச் சாப்பிடத் தொடங்கியது மெலியிறதுக்காக இல்லை. எங்களில் ஒருத்திக்கு இருபத்திரண்டு வயசு. தற்செயலாக இரத்தம் சோதிச்சபோது, சாப்பிடாமல் எடுத்த சீனி 112 என்று வந்தது. 100 முதல் 125 வரை நீரிழிவுக்கு முந்திய நிலை என்று சொல்வார்கள். அவளின்ர அம்மாவுக்கு சலரோகம். அம்மம்மாவுக்கும் இருந்தது, காலில் வந்த புண் ஆறாமல் ரெண்டு விரலை எடுத்தவை. துண்டைக் கொண்டுவந்து மேசையில் வைச்சுப்போட்டு அவள் அழவில்லை, "இனி நான் தனியச் சமைக்கிறன்" எண்டு மட்டும் சொன்னாள். ஒரே குசினியில் ஒருத்தி மட்டும் தனியச் சமைச்சுச் சாப்பிடுறதைப் பார்த்துக்கொண்டிருக்க மற்ற மூண்டு பேருக்கும் மனம் வரவில்லை. அப்படித்தான் தொடங்கினது.

மாச்சத்தைக் குறைக்கிறது என்றால் பொதுவாக ஒரு நாளைக்கு 130 கிராமுக்குக் கீழே கொண்டுவருவது. ஒரு கப் சோற்றிலேயே 45 கிராம் அளவில் இருக்கு. அதனால் சோற்றைக் குறைச்சோம், பாணை விட்டோம், இடியப்பத்தை ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளினோம். சோத்துக்கு ஏங்குவம் எண்டுதான் நினைச்சிருந்தம். சோறு பெரிய பிரச்சினையாக இருக்கவில்லை. சாப்பிட்டு முடிஞ்ச பிறகு வரும் அந்தப் பத்து நிமிசம்தான் பிரச்சினை.

முதல் கிழமை முழுக்க நாங்கள் எங்களையே திட்டினோம். மனக்கட்டுப்பாடு இல்லை, வாய் அடங்காது, உருப்படமாட்டம். பிறகுதான் கொஞ்சம் வாசிச்சோம். ஒரே சுவையைச் சாப்பிட்டுக்கொண்டு போகும்போது அந்தச் சுவையில் விருப்பம் குறைந்துவிடும். ஆனால் இன்னும் தொடாத சுவையில் விருப்பம் அப்படியே இருக்கும். 1980களின் தொடக்கத்திலேயே ஆய்வாளர்கள் இதைச் சோதனை செய்து எழுதியிருக்கிறார்கள். கலியாண வீட்டில் "இனி ஒரு பருக்கையும் இறங்காது" எண்ட மனிசன் பாயாசத்துக்குக் கையை நீட்டுவது இதனால்தான். உப்பும் புளியும் உறைப்பும் நிறைஞ்ச பிறகு நாக்கு இனிப்பைக் கேட்பது, நாக்கின்ர வேலை.

அதோடு பழக்கமும் சேர்ந்துகொள்ளுது. சாப்பாடு முடிஞ்சால் ஒரு கதலி வாழைப்பழம், இல்லாட்டி ஒரு பிஸ்கட், இல்லாட்டி ஒரு இனிச்ச தேத்தண்ணி. இருபது வருசம் கை கழுவின கையோடு இனிப்பு வந்தால், கை கழுவினதுமே மூளை இனிப்புக்குக் காத்திருக்கும். எனவே முதலாவதாக நாங்கள் சொல்ல நினைப்பது: அந்த ஆசை வருவது குற்றமில்லை. அதை என்ன செய்கிறோம் என்பதில்தான் விசயம்.

இதுக்கு ஊரில் எல்லாரிட்டையும் ஒரு மருந்து இருக்கு. எதிர்வீட்டு அன்ரி சொன்னா: "சீனிதான் கூடாது பிள்ளையள், பனங்கட்டி கடியுங்கோ, அது இயற்கை." தென்பகுதியில் படிக்கிற சிநேகிதி கித்துள் பாணி ஒரு போத்தில் அனுப்பினாள். இன்னொருத்தர் தேன் என்றார். இன்னொருத்தர் பேரீச்சம்பழம் என்றார்.

பனங்கட்டி எங்கட மண்ணின்ர சாமான். அதைப் பற்றிக் குறை சொல்ல எங்களுக்கே வாய் வருகுதில்லை. ஆனால் கணக்கு கணக்குத்தான். பனங்கட்டியின் பெரும்பகுதி சுக்குரோசு, அதாவது சீனியில் இருக்கிற அதே சாமான். 10 கிராம் துண்டொன்றைக் கடிச்சால் ஏறக்குறைய 8 கிராம் சீனி உள்ளே போகுது. ஒரு மேசைக்கரண்டி கித்துள் பாணியில் 10 கிராமுக்கு மேல். நாலு பேரீச்சம்பழத்தில் 20 கிராம் அளவில். நல்ல மணம் இருக்கு, கொஞ்சம் கனிமம் இருக்கு, உண்மை. ஆனால் இரத்தத்துக்குள் போனபிறகு அது பனையில் இருந்து வந்ததா கரும்பில் இருந்து வந்ததா என்று உடம்பு விசாரிக்கிறதில்லை. ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை எண்டு சொல்லுவினம். சரி. ஆனால் இலுப்பைப்பூவிலையும் உண்மையிலேயே சீனிதான் இருக்கு.

அடுத்த மருந்து யூரியூப்பில் இருந்து வந்தது. பாதாம் மாவில் கேக், சீனி இல்லாத சொக்கிலேற், இனிப்பூட்டிப் பக்கற்றுகள். தமிழ்நாட்டுப் பேலியோக்காரர் காலையில் நூறு பாதாம் சாப்பிடச் சொல்லுவினம். எங்கட போடிங் காசுக்கு நூறு பாதாம் என்றால் மாதக் கடைசியில் நாங்கள் நாலு பேரும் கச்சான் கோதுதான் சாப்பிட வேணும். இனிப்பூட்டிகளைப் பற்றி உலக சுகாதார நிறுவனம் 2023 மே மாதம் ஒரு வழிகாட்டலை வெளியிட்டது: உடல் எடையைக் கட்டுப்படுத்துவதற்காக அவற்றைப் பாவிக்க வேண்டாம் என்று. ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களுக்கு அந்த வழிகாட்டல் பொருந்தாது, அவர்கள் வைத்தியரோடுதான் கதைக்க வேணும். எங்களுக்கு ஆகாமல்போனது வேறு காரணத்தால். சீனி இல்லாத இனிப்பைச் சாப்பிட்ட பிறகும் நாங்கள் அலமாரியைத் திறந்துகொண்டுதான் இருந்தோம். நாக்கு அதே அளவு இனிப்பையே திரும்பவும் கேட்டது.

ரெண்டு மாசத்தில் எங்களுக்குச் சரிவந்தவை மிகச் சாதாரணமானவை. மருந்தில்லை, எங்கட குசினியில் நடந்தது மட்டும்.

சாப்பாட்டிலேயே முட்டையோ மீனோ, கூடவே கீரையோ மரக்கறியோ வடிவா இருந்தால் பிறகு தேடுவது குறையுது. அந்தத் தேடல் இருபது நிமிசம் தாண்டினால் தானே அடங்குது. அந்த இருபது நிமிசத்துக்கு ஒரு கறுவாப்பட்டை போட்ட பிளேன்ரீ, சீனி இல்லாமல். முதல் மூண்டு நாள் கசாயம் குடிக்கிற மாதிரித்தான் இருந்தது. பத்தாம் நாள் கறுவாவுக்கு ஒரு இனிப்பு இருக்கு என்று கண்டுபிடிச்சோம். சட்டித் தயிரில் ரெண்டு கரண்டி, மேலே கொஞ்சம் ஏலக்காய்த்தூள், துருவின தேங்காய். கடையில் விக்கிற யோகட்டில் சீனி சேர்த்திருக்கும், அதனால் லேபிளைப் பார்க்க வேணும். பின்னேரத்தில் பாதிக் கொய்யா. தேங்காய்ச் சொட்டும் வறுத்த கச்சானும் ஒரு கை. கறுத்த சொக்கிலேற் கிடைச்சால் ஒரே ஒரு கட்டி, மிச்சம் அடுத்த அறைக்காரியின்ர அலமாரிக்குள்.

கிழமையில் ரெண்டு நாள் பனங்கட்டியும் உண்டு. நகக்கண் அளவு துண்டு, வாயில் வைச்சுக் கரையவிடுவது. அதை நாங்கள் "இயற்கை" என்று எழுதிறதில்லை, அண்டைய கணக்கில் "சீனி" எண்டு எழுதிறம். பொய் சொல்லாமல் சாப்பிட்டால் குறைவாகச் சாப்பிட முடியுது. இதைத்தான் இந்த ரெண்டு மாசத்தில் நாங்கள் படிச்சது.

ஆனால் அறைக்குள் வெல்லுறது சுகம். வெளிக்கிட்டு ஒரு வீட்டுக்குப் போனால்தான் தெரியும். "இருங்கோ பிள்ளையள், தேத்தண்ணி போடுறன்." போட்டுக்கொண்டு வரும்போது சீனி ஏற்கெனவே கரைஞ்சிருக்கும். வேண்டாம் என்றால் முகம் மாறும். "ஏன், என்ன வருத்தம்? கலியாணம் கட்டாத பிள்ளை, இப்பவே அப்பிடிச் சொல்லாதேங்கோ." ஒரு இளம் பெண் சீனி வேண்டாம் என்றால் அது நோயாகவோ வடிவு பார்க்கிற விளையாட்டாகவோதான் தெரியுது. அதனால் எங்கட சிநேகிதி பல வீடுகளில் பேசாமல் குடிச்சிருக்கிறாள்.

2016 முதல் இலங்கையில் போத்தில் குடிபானங்களுக்கு நிறக் குறியீடு இருக்கு. 100 மில்லிலீற்றருக்கு 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு. ஒரு சின்னக் கோப்பைத் தேத்தண்ணியைக் கணக்குப் பாருங்கோ: 120 மில்லிலீற்றர், குவிச்ச கரண்டி மூண்டு, 15 கிராம். 100 மில்லிலீற்றருக்கு 12.5 கிராம். சிவப்பு. கடைப் போத்திலில் சிவப்பைக் கண்டால் யோசிக்கிற நாங்கள், அன்போடு நீட்டின கோப்பையில் அதைக் காணுறதில்லை.

அந்த அன்பை நாங்கள் கேலி செய்ய வரவில்லை. சண்டைக் காலத்தில் சீனி கிடைக்காத நாட்களைக் கண்ட சனம் எங்கட அம்மம்மாக்கள். உள்ளங்கையில் நாலு சீனியை வைச்சு நக்கிக்கொண்டு பிளேன்ரீ குடிச்ச கதையை அவை இப்பவும் சொல்லுவினம். இல்லாத காலத்தில் பொத்திப் பொத்தி வைச்ச சாமானை, இருக்கிற காலத்தில் வாற பிள்ளைக்கு அள்ளிப் போடுவதுதான் அவர்களுக்கு உபசரிப்பு. ஆனால் அதே வீடுகளில்தான் இண்டைக்கு ஆளுக்கொரு கிளினிக் கொப்பி இருக்கு.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேணும். எங்களைப் பார்த்து அவளின்ர அம்மாவும் சோற்றை நிப்பாட்ட வெளிக்கிட்டா. நாங்கள் மறிச்சம். ஊசியோ சில வகைக் குளிசையோ எடுக்கிறவர்கள் திடீரென்று மாச்சத்தைக் குறைச்சால் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். கிளினிக்கில் கேட்டுத்தான் செய்ய வேணும். அம்மா கேட்டுக்கொண்டு வந்தா. இப்ப அளந்து சாப்பிடுறா.

நாங்கள் கேட்பது பெரிய விசயமில்லை. வீட்டுக்கு ஆள் வந்தால் சீனியைக் கரைக்க முதல் "சீனி போடவோ, எவ்வளவு?" எண்டு ஒருக்காக் கேளுங்கோ. வேண்டாம் என்றால் காரணம் கேளாமல் விடுங்கோ. போன மாசம் அவளின்ர வீட்டுக்குப் போனபோது அம்மா தட்டில் அஞ்சு கோப்பை வெறும் தேத்தண்ணியும், நடுவில் சீனிப்போத்தலும் கரண்டியும் வைச்சுக்கொண்டு வந்தா. போத்தலை எங்கட பக்கம் தள்ளிவிட்டா. எங்களில் ஒருத்தி அரைக் கரண்டி போட்டாள். அவள் போடவில்லை. ஒருத்தரும் ஒண்டும் கேட்கவில்லை.

அடுத்த மாசம் அவளுக்குத் திரும்பவும் இரத்தம் சோதிக்க வேணும். நாலு பேரும்தான் போறம்.