பல்லைப் பிடுங்குமுன் கழுத்தைக் கேளுங்க

இடது பக்கம் எனக்கு ரெண்டு கடைவாய்ப் பல் இல்லை. ரெண்டுமே நல்ல பல்லுங்க.

பட்டம் சிக்னலில் நின்றிருந்த என் ஸ்கூட்டரைப் பின்னாலிருந்து ஒரு கார் இடித்தது. விழவில்லை, ரத்தம் இல்லை. கழுத்து மட்டும் ஒரு வெட்டு வெட்டியது. மூணு வாரத்தில் இடது கன்னம், தாடை, கண்ணுக்குப் பின்னால் எல்லாம் வலி. கன்னம் வலித்தால் பல்தான் என்று நானே முடிவு கட்டிப் போனேன். எக்ஸ்ரேயில் சொத்தை இல்லை, 'எடுத்துப் பார்க்கலாம்' என்றார்கள். எடுத்தாச்சு, வலி போகலை. அடுத்ததையும் எடுத்தாங்க!

கடுக்குது, குத்துது, தெறிக்குதுன்னு தமிழில் எத்தனை வலி! எனக்குத் தெரிந்த மலையாளத்தில் எல்லாமே 'வேதன'தான். அது என் குறை. ஆனால் கழுத்து ரெண்டு பாஷையிலும் கழுத்துதானே? அடி பட்டதான்னு ஒருத்தரும் கேட்கலையே!

நாகர்கோவிலிலிருந்தெல்லாம் நரம்பு வைத்தியத்துக்கு ரயிலேறி ஸ்ரீசித்திராவுக்கு வருகிறார்கள். அதே ஊரில் இருந்துகொண்டு நான் பல்லைக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் ஒரு நரம்பியல் டாக்டர்தான் கேட்டார். பிடரியில் ஓர் இடத்தை அழுத்தினார். கன்னத்தில் வலி கிளம்பியது. முகத்தின் உணர்வைக் கொண்டுபோகும் டிரைஜெமினல் நரம்பும், கழுத்தின் மேல் மூன்று நரம்புகளும் தண்டுவடத்தின் உச்சியில் ஒரே இடத்தில் சேருகின்றனவாம். ரெண்டு கிளையின் வவுச்சரும் ஒரே கவுண்டருக்கு வந்தால் எது எந்தக் கிளையுடையது என்று குழம்பாதா? மூளையும் அப்படித்தான்.

பல் துலக்கினால், காற்று பட்டால் ஷாக் அடித்த மாதிரி சில நொடி தெறித்தால் அது வேற, டிரைஜெமினல் நியூரால்ஜியா. அதற்குக் கார்பமசெபைன் 1960களிலிருந்தே இருக்கு. கழுத்திலிருந்து வருவது பெரும்பாலும் ஒரே பக்கம் மந்தமாகக் கடுக்கும், தலையைத் திருப்பினால் கூடும். எனக்கு மருந்தைவிட பிசியோதெரபிதான் கேட்டது.

முகவலி பல்லால் வருவது சகஜம்தான். பல் டாக்டரிடம் போகாதீங்கன்னு சொல்லலை. சொத்தை இல்லாத பல்லை எதுக்குங்க எடுக்கணும்? பேங்கில் கேஷ் டேலி ஆகலைன்னா கையில் கிடைத்த வவுச்சரையா கிழிக்கிறோம்?

இன்னொன்று. கழுத்தில் அடிபட்ட சில நாளில் முகவலியோடு ஓர் இமை சரிந்தால், ஒரு கண்பாவை சிறுத்தால், நாக்கு குழறினால் அப்பவே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க. கழுத்து ரத்தக்குழாயின் சுவர் கிழிந்திருக்கலாம், பக்கவாதத்தில் கொண்டுபோய் விடும். சலூனில் முடிவெட்டியதும் கழுத்தைத் திருப்பிச் சொடக்கு எடுக்கிறார்களே, அதிலும் இந்த ஆபத்து இருக்கு. காசு கொடுத்து வாங்கிக்கிறோம்!

ரெண்டு பல் கட்ட இப்போ கொட்டேஷன் கேட்டிருக்கேன். அதே டாக்டரிடம் இல்லை.