வயலில் எழும் புகை



ஆண்டுதோறும் ஐப்பசித் திங்களில் தலைநகர் தில்லியின் வானம் சாம்பல் நிறம் கொள்வதையும், சிறுவர் மூச்சுத் திணறி மருத்துவமனை செல்வதையும் செய்தித்தாள்களில் படிக்கிறோம். பஞ்சாப், அரியானா உழவர்கள் நெல்லறுத்த வயலுக்குத் தீயிடுவதே காரணம் என்று உடனே தீர்ப்பும் வழங்கிவிடுகிறோம். தீர்ப்புக்கு முன் வழக்கை விசாரிப்பது முறையன்றோ?

புகையின் கேடு ஐயத்திற்கு இடமற்றது. எரியும் தாளிலிருந்து எழும் நுண்துகள்கள் தலைமயிரின் பருமனில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கே. அவை நுரையீரலின் ஆழத்தை அடைந்து குருதியிலும் கலக்கின்றன. ஒரு கனமீட்டர் காற்றில் இத்துகள்கள் நாளொன்றின் சராசரியாக 60 மைக்ரோகிராமைத் தாண்டலாகாது என்பது நம் நாட்டு விதி. உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வகுத்த அளவோ 15. தில்லியில் நவம்பர் மாதத்துக் கொடிய நாள்களில் இது 300-ஐயும் தாண்டுகிறது. அப்பருவத்தில் காற்று ஓய்ந்துவிட, நிலத்தை ஒட்டிய குளிர்காற்றின்மேல் வெப்பக்காற்று மூடிபோல் அமைவதால், புகை மேலெழ வழியின்றித் தேங்குகிறது.

எனினும் அப்புகை முழுவதும் வயலிலிருந்து வந்ததன்று. வயல்தீயின் பங்கு சில நாள்களில் மூன்றில் ஒன்றைத் தாண்டுவதுண்டு. ஆண்டு முழுமைக்கும் கணக்கிட்டால் அது சிறிதே. எஞ்சியது வாகனங்களும் ஆலைகளும் கட்டடத் தூசியும் தருவது.

உழவர் ஏன் தீயிடுகிறார்? 1960-களில் நாடு உணவுப் பஞ்சத்தில் தவித்தபோது, கோதுமை விளைந்த பஞ்சாபை நெல்லும் விளைவிக்கச் செய்தோம். நிலத்தடி நீர் வற்றியது. அதைக் காக்க 2009-ல் பஞ்சாப் அரசு இயற்றிய சட்டம், ஜூன் 10-க்கு முன் நடவு கூடாது என்றது. நடவு தள்ளிப்போக, அறுவடையும் தள்ளிப்போயிற்று. அடுத்துக் கோதுமை விதைக்க இரண்டு மூன்று வாரங்களே எஞ்சின. அறுவடை இயந்திரமோ கதிரைக் கொய்து, அரிதாளை வயலிலேயே விட்டுச் செல்கிறது. மாட்டுக்கு இடலாகாதா எனில், அங்குக் கால்நடைக்குக் கோதுமை வைக்கோலே தீனி. மணற்சத்து மிகுந்த நெல்வைக்கோலை விரும்புவாரில்லை.

மாற்றுவழி இல்லாமலில்லை. தாளை அகற்றாமலே கோதுமை விதைக்கும் இயந்திரம் உண்டு. இத்தகைய கருவிகளுக்கு 2018 முதல் மத்திய அரசு மானியம் வழங்குகிறது. பஞ்சாபில் துணைக்கோள் கண்ட தீ நிகழ்வுகள் 2020-ல் 83,002; 2024-ல் 10,909. துணைக்கோள் கடந்து சென்றபின் தீயிடுவதும் இக்குறைவுக்கு ஒரு காரணம் என்று ஆய்வாளர் சிலர் கூறுவர். மானியம் இருந்தும் சிறு உழவர் இயந்திர வாடகையும் டீசல் செலவும் ஏற்க வேண்டும், தீக்குச்சிக்கோ செலவில்லை. அப்புகையை முதலில் சுவாசிப்பவரும் அவருடைய குழந்தைகளே என்பதை மறவாதிருப்போம். நாட்டின் பசி தீர்க்க விளைந்த நெல்லின் தாளே அங்கு எரிகிறது. அதை அகற்றும் செலவை அவர் தலையில் மட்டும் சுமத்திவிட்டு அபராதம் விதிப்பது நீதியாகாது.

இறுதியாக ஒன்று. மாலையில் முற்றத்தைக் கூட்டிச் சருகையும் நெகிழித் தாளையும் சேர்த்துக் கொளுத்தும் வழக்கம் நம் இல்லங்களில் உண்டு. அப்புகையிலும் அதே நுண்துகள்கள்தாம் இருக்கின்றன. நெகிழி சேர்ந்தால் நஞ்சும் கூடுகிறது. பஞ்சாப் உழவருக்குக் கோதுமை விதைக்கும் அவசரம் உண்டு. நமக்கு என்ன அவசரம்? சருகைக் குழியிலிட்டு மண் மூடினால் சில திங்களில் எருவாகும். இன்று மாலையே தொடங்கலாமன்றோ?