மருந்தில்லா வைத்தியம்

சயாம் மரண ரயில் பாதையில் 1943ஆம் ஆண்டு காலரா பரவி, நம் ரப்பர் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழ்த் தொழிலாளர் கொத்துக் கொத்தாக மடிந்த பின்னரே ஜப்பானிய இராணுவத்துக்கு வைத்தியம் நினைவுக்கு வந்தது. சிங்கப்பூர் சாங்கி முகாமிலிருந்த போர்க்கைதிகளில் வைத்தியர்களும் சிப்பந்திகளுமாகச் சுமார் 230 பேர் ஜூன் மாதம் 'கே' படையென அனுப்பப்பட்டனர். ஆகஸ்டில் 'எல்' படையாக இன்னும் 115 பேர். அவர்கள் கையிலிருந்த மருந்தோ மிகச் சொற்பம்.

வெள்ளைக்காரக் கைதிகளும் பட்டினி கிடந்தவர்களே. எனினும் தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள் என்று கட்டளையிட அவர்களுடன் சொந்த வைத்தியர்கள் இருந்தனர். நம்மவருக்கு அப்படி யாருமில்லை. சிலர் பெண்டு பிள்ளைகளோடு போனவர்கள் வேறு. மாண்ட கைதிகள் பலருக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறை உண்டு. நம்மவர் எத்தனை பேர் மாண்டனர் என்பதற்கே சரியான கணக்கில்லை. அவர்தம் மக்களும் பேரரும் உயிரோடிருக்கும்போதே அப்பெயர்களைக் கேட்டு எழுதியாக வேண்டும்.