காய் நறுக்குவது யார்?

"சோத்தக் கொறச்சுக்குங்க" என்று டாக்டர் சொல்ல அரை நிமிடம்கூட ஆவதில்லை. அதை வீட்டில் நடத்திக்காட்டத்தான் நேரம் கிடைப்பதில்லை. மாவுச்சத்தைக் குறைப்பது பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் நாக்கைக் கட்டு, மனசைக் கட்டு என்கிறார்கள். நாக்கு பாவம், அது எதற்கும் பழகிவிடும். வேலைக்குப் போகிற வீட்டில் பழகாதது கடிகாரம்தான்.

நம் அடுப்பில் சட்டென்று ஆகிறது என்றாலே அது மாவுச்சத்தாகத்தான் இருக்கும். ஃப்ரிட்ஜில் மாவு இருந்தால் தோசை. தீர்ந்துவிட்டால் ரவை, சேமியா. ஏழு மணிக்குமேல் பஸ் இறங்கி வரும் எங்கள் கோயமுத்தூர்க்காரிகளுக்கு இருக்கவே இருக்கிறது அரிசிம்பருப்பு. சின்ன வெங்காயம், பூண்டு, தக்காளி வதக்கி, கழுவிய அரிசியையும் துவரம்பருப்பையும் போட்டுக் குக்கரை மூடினால் மூன்று விசில். முகம் கழுவி வருவதற்குள் ராத்திரிச் சாப்பாடு தயார். மேலே ஒரு கரண்டி நெய் விட்டால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

இதற்குப் பதிலாக வாழைத்தண்டு செய்து பாருங்கள். மேல்பட்டை உரித்து, வட்டமாக அரிந்து, ஒவ்வொரு வில்லைக்கும் விரலில் நாரைச் சுற்றிச் சுற்றி எடுக்க வேண்டும். பிறகு பொடியாக நறுக்கி, கறுத்துப்போகாமல் மோர்த் தண்ணீரில் போட வேண்டும். இத்தனையும் முடித்துத் தாளித்து இறக்கினால் சட்டியின் அடியில் கொஞ்சம் கிடக்கும். சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள என்றால் கால் கிலோ பீன்ஸ் வீட்டுக்கே போதும். சோற்றின் இடத்தில் காய் உட்கார வேண்டுமானால் ஆளுக்கே கால் கிலோ ஆகும். பல வீடுகளில் சர்க்கரை கணவனுக்கு, அரிவாள்மனை மனைவிக்கு. "நான் இப்ப பேலியோங்க" என்று ஆபீஸில் மார்தட்டும் அண்ணன்களின் டிபன் டப்பாவைப் பார்க்கும்போதெல்லாம், அதற்காகக் காலையில் எத்தனை மணிக்கு யார் எழுந்தார்களோ என்றுதான் எனக்குத் தோன்றும்.

எங்கள் வீட்டில் சர்க்கரை யாருக்கோ, காய் நறுக்குவது அவர் வேலை. ஞாயிற்றுக்கிழமை டிவி முன்னால் பேப்பரை விரித்து உட்கார்ந்துவிடுவார். பீன்ஸும் முட்டைக்கோசும் ஈரம் படாமல் டப்பாவில் ஏறினால் நாலு நாளைக்குத் தாங்கும். காய் வாங்குவதும் அவர் பொறுப்பானபின் வாழைத்தண்டு வரத்து நின்றுவிட்டது. சுரைக்காய், பீர்க்கங்காய், புடலங்காய்தான் வருகின்றன. அதனால் என்ன, சத்துக் கணக்கில் அவையும் ஒன்றும் மோசமில்லை. அத்தைக்குத்தான் ஆறவில்லை. "ஏஞ்சாமி, வெறுங்காயத் தின்னுபோட்டு எப்பிடி வேலைக்குப் போவே?" என்று மகனைத் தினமும் கேட்கிறார்.

சுலப வழி என்று பலர் சிறுதானியத்துக்குத் தாவுகிறார்கள். நூறு கிராம் அரிசியில் 78 கிராம் அளவுக்கு மாவுச்சத்து என்றால், சாமையிலும் வரகிலும் 65-ஐ ஒட்டி இருக்கிறது. நார்ச்சத்து கூடுதல்தான், அதற்காகத் தட்டு நிறையச் சாமைச்சோறு போட்டுக்கொண்டால் கணக்கு பெரிதாக மாறாது. 2025-இல் வெளிவந்த ஐ.சி.எம்.ஆர். ஆய்வும் இதைத்தான் சொன்னது. நாம் சாப்பிடும் கலோரியில் ஏறக்குறைய 62 சதவீதம் மாவுச்சத்து. அந்த மொத்த அளவைக் குறைக்காமல், கோதுமை மாவு, சிறுதானிய மாவு என்று ஆளை மட்டும் மாற்றுவதால் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு குறைவதாகத் தெரியவில்லை. அதில் கொஞ்சத்தையாவது பருப்பு, பால் போன்றவற்றின் புரதத்துக்கு விட்டுக்கொடுத்தால் குறைகிறது.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லிவிடுகிறேன். இன்சுலினோ கிளிமிபிரைடு மாதிரி மாத்திரையோ எடுப்பவர்கள் டாக்டரிடம் சொல்லாமல் திடீரென்று சோற்றை வெட்டக் கூடாது. மருந்து பழைய அளவிலேயே வேலை செய்யும். முற்பகலில் கை நடுங்கி, வேர்த்துக் கொட்டும். மற்றவர்களுக்கும் முதல் வாரம் குறைகிற எடையில் பெரும்பகுதி தண்ணீர்தான். அதோடு உப்பும் போவதால் தலை கனக்கும். ரத்த அழுத்தம் இல்லாதவர்கள் உப்புப் போட்ட மோர் குடிக்கலாம்.

அவசரத்துக்குக் கைகொடுப்பது முட்டை. ஒன்றில் ஆறு கிராம் புரதம் இருக்கிறது, மாவுச்சத்து ஒரு கிராம்கூட இல்லை. வெளிச் சாப்பாடு என்றால் பள்ளிபாளையம் சிக்கன் இருக்கிறது. கோழி, சின்ன வெங்காயம், வரமிளகாய், பல்லுப் பல்லாகக் கீறிய தேங்காய். வெளிநாட்டுக்காரன் புத்தகம் போட்டுச் சொல்கிற உணவை ஈரோட்டுப் பக்கம் பேர் வைக்காமலேயே வறுத்துக்கொண்டிருந்தார்கள். மதியச் சாப்பாட்டுக் கடை தோதுப்படாது. அங்கே சோறு அன்லிமிடெட், பொரியலுக்குத்தான் கரண்டியில் அளவு. ராத்திரி புரோட்டாக் கடை எவ்வளவோ பரவாயில்லை. நம்பச் சிரமமாக இருக்கும், ஆனால் கலக்கி, ஆம்லெட், சுக்கா எல்லாம் கேட்டவுடன் சுடச்சுடக் கிடைக்கும் இடம் அது ஒன்றுதான்.

எங்கள் தெருமுனைக் கடையில் போன வாரம், "புரோட்டா எத்தனைங்க?" என்றார் மாஸ்டர்.

"வேண்டாங்ண்ணா, ரெண்டு கலக்கி மட்டும்."

"சுகருங்களா?"

"வீட்டுக்காரருக்குங்க."

"எனக்குந்தானுங்க" என்றார், முட்டையைக் கல்லின் விளிம்பில் தட்டிக்கொண்டே. "ஆனா கடை சாத்தறப்ப மிச்சமாகறது கலக்கி இல்லீங்களே, புரோட்டாவுல்ல!"