தேவதைக் கதைகளும் இளம் வாசகர்களும்

எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிராயத்தைத் தாண்டியிருந்தும், பெரிய நாவல் ஒன்றைத் தனியே படித்து முடிக்கும் திராணி இன்னும் வாய்க்காத ஆறு முதல் ஒன்பது வயது வரையிலான குழந்தைகளுக்காக, பெரிய எழுத்தில், சின்னஞ்சிறு அத்தியாயங்களாக, இடையிடையே கோட்டுச் சித்திரங்களோடு ஆங்கிலத்தில் வெளிவரும் தேவதைக் கதைப் புத்தகங்களைப் பற்றிப் படித்தவர்களிடையே நெடுநாளாக ஓர் அலட்சியம் நிலவி வருகிறது. ஒன்றைப் படித்துவிட்டால் எல்லாவற்றையும் படித்தாயிற்று என்பதும், மினுமினுக்கும் அட்டையைத் தவிர அவற்றில் சாரம் ஏதுமில்லை என்பதும் அவர்களுடைய அபிப்பிராயம். அதன் முற்பாதி உண்மைதான்; ஆயினும் அது குற்றமாகாது என்பது என் துணிபு. பிற்பாதியை அவ்வளவு எளிதில் ஏற்கவோ தள்ளவோ முடியாது.

இவ்வகைப் புத்தகங்களில் மிகப் பிரசித்தி பெற்றது, 2003-ஆம் ஆண்டில் பிரிட்டனில் தொடங்கிய ‘ரெயின்போ மேஜிக்’ வரிசையாகும். விடுமுறைக்காக ஒரு தீவுக்குச் செல்லும் ரேச்சல், கிர்ஸ்டி என்னும் இரண்டு சிறுமிகள், வானவில்லின் அடியில் கவிழ்ந்து கிடக்கும் ஒரு பானைக்குள் சிவப்புத் தேவதையாகிய ரூபியைக் காண்கிறார்கள். குளிருக்கு அதிபதியான ஜாக் ஃப்ராஸ்ட், தேவதைலோகத்தில் நடந்த விருந்துக்குத் தன்னை அழைக்கவில்லை என்ற கோபத்தில் வானவில்லின் ஏழு தேவதைகளையும் மனித உலகத்துக்கு விரட்டிவிட, அவர்களுடைய லோகம் நிறமிழந்து வெளுத்துப் போகிறது. நிறத்துக்கு ஒருவராக ஏழு தேவதைகளை ஏழு புத்தகங்களில் அச்சிறுமிகள் மீட்கிறார்கள். பிறகு வானிலைத் தேவதைகள், அவர்களுக்குப் பின் வேறு தேவதைகள் என்று வரிசை நீண்டு இருநூறு புத்தகங்களையும் கடந்துவிட்டது. பிரிட்டனின் பொது நூலகங்களில் மிக அதிகமாக இரவல் பெறப்பட்ட, குழந்தைகளுக்கான எழுத்தாளர் என்ற ஸ்தானத்தை 2010-ஐ ஒட்டிய காலத்தில் இதன் ஆசிரியரான டெய்ஸி மெடோஸ் பெற்றிருந்தார். ஆனால் அப்பெயரில் ஓர் ஆசிரியர் இல்லை. ‘வொர்க்கிங் பார்ட்னர்ஸ்’ என்ற நிறுவனம் கதையைத் திட்டமிட்டுக் கொடுக்க, எழுத்தாளர் பலர் அந்த ஒரே புனைபெயரில் எழுதியவை இவை.

இவ்வரிசையின் ஆணிவேர் எங்கே இருக்கிறது என்று ஆராய்ந்தால், நேற்றைய வியாபாரத்தில் மட்டும் அது இல்லை என்பது புலனாகும். அழைக்கப்படாத விருந்தாளியின் சினத்தால் ஒரு ராஜ்யமே துன்புறுவது, 1697-இல் பிரெஞ்சுக்காரரான ஷார்ல் பெரோ வெளியிட்ட உறங்கும் அழகியின் கதையிலேயே உள்ளது. தேவதைலோகத்தை ஆளும் ஓபரான் அரசரும் டைட்டானியா அரசியும் ஷேக்ஸ்பியரின் நாடகத்திலிருந்து வந்து குடியேறியவர்கள். புத்தகங்களை நிறத்தின் பெயரால் வரிசைப்படுத்துவதும் புதிதல்ல. ஆண்ட்ரூ லாங் 1889-இல் ‘நீலத் தேவதைக் கதைப் புத்தகம்’ தொடங்கி 1910 வரை சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று பன்னிரண்டு நிறங்களில் உலகக் கதைகளைத் தொகுத்து வெளியிட்டார். அத்தொகுதிகளில் பெரும்பாலான மொழிபெயர்ப்பு அவருடைய மனைவி லியோனோராவும் வேறு பெண்மணிகளும் செய்தது என்பதையும், அட்டையில் நின்றது லாங்கின் பெயர் ஒன்றே என்பதையும் நினைத்துப் பார்த்தால், பல கைகளின் உழைப்பு ஒரு பெயரின் கீழ் ஒடுங்குவதும் இத்துறையில் பழைய வழக்கமே என்று தெரியும்.

குழந்தைகள் இவற்றில் ஈடுபடுவதற்குக் காரணம் மினுமினுப்பு அன்று. பழைய கதைகளில் தேவதை மனிதருக்கு வரம் கொடுப்பாள். சிண்ட்ரெல்லாவின் தேவதை வந்து கோலை அசைத்தாலன்றி அவளுக்கு விமோசனமில்லை. இங்கோ அந்த உறவு தலைகீழாகிறது. ஆபத்தில் அகப்பட்டிருப்பவள் தேவதை. அவளை மீட்கும் பொறுப்பு, வீட்டில் தன் சட்டையைத் தானே தேர்ந்தெடுக்கும் உரிமைகூட இல்லாத ஒரு சிறுமியின் கையில் இருக்கிறது. உள்ளங்கையில் அடங்கும் ஒரு ஜீவனைக் காப்பாற்றவும், வேண்டும்போது அதன் அளவுக்குச் சுருங்கிச் சிறகு பெற்றுப் பறக்கவும் அவளால் முடிகிறது. பெரியவர்கள் பக்கத்து அறையிலேயே இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. நாள் முழுவதும் பிறர் ஏவலின்படி நடந்து, எல்லாப் பொருளும் தனக்கு எட்டாத உயரத்தில் வைக்கப்பட்டிருக்கும் ஓர் உலகத்தில் வாழும் குழந்தைக்கு, தன்னிலும் சிறியதொன்று தன் உதவியை நாடி நிற்கிறது என்பதும், அதனை ரகசியமாகத் தானே செய்து முடிக்கலாம் என்பதும் எத்தகைய மகிழ்ச்சியைத் தரும் என்பதைப் பெரியவர்கள் மறந்துவிட்டோம்.

ஒரே மாதிரிக் கதை என்ற குறைக்கு வருகிறேன். படிக்கப் புதிதாகக் கற்ற குழந்தை, ஒவ்வொரு சொல்லையும் இனங்காணுவதிலேயே தன் கவனத்தில் பெரும்பகுதியைச் செலவிடுகிறது. கதை எவ்வழிச் செல்லும் என்பது முன்பே தெரிந்திருந்தால், அந்தச் சுமையில் ஒரு பங்கு இறங்கி, வாக்கியத்தின் பொருளைப் பின்தொடர அதற்கு இடம் கிடைக்கிறது. சங்கீதம் பயிலும் பிள்ளை சரளி வரிசையை அதே தாளத்தில் பலமுறை பாடிப் பாடிக் குரலுக்கும் செவிக்கும் பழக்கம் ஏற்றுவதைப் போன்றதே இது. ஜாக் ஃப்ராஸ்டின் குட்டிச்சாத்தான்கள் வருவார்கள், ஏமாறுவார்கள், தேவதை மீட்கப்படுவாள் என்ற நிச்சயத்தோடு ஆறாவது புத்தகத்தை எடுக்கும் குழந்தை, முதல் புத்தகத்தைக் காட்டிலும் விரைவாக அதைப் படித்து முடிக்கிறது. ஒரு புத்தகத்தை முதல் அட்டையிலிருந்து கடைசி அட்டை வரை பிறர் துணையின்றிப் படித்து முடித்தேன் என்ற பெருமிதத்தை அக்குழந்தைக்கு முதன்முதலாகத் தருபவை பெரும்பாலும் இத்தகைய புத்தகங்களே. அந்தப் பெருமிதம் வாய்க்காத குழந்தையிடம் உலகத்தின் உயர்ந்த இலக்கியத்தைக் கொடுத்தும் பயனில்லை.

கதையின் அச்சு ஒன்றாக இருப்பதை நான் ஆதரிக்கிறேன். வாக்கியங்கள் வறண்டிருப்பதை ஆதரிக்க முடியாது. இவ்விரண்டையும் ஒன்றாக மயங்கிவிடுவதால்தான் இப்புத்தகங்களை வெறுப்போரும் புகழ்வோரும் ஒருங்கே தவறிவிடுகிறார்கள். ரெயின்போ மேஜிக்கின் முதல் ஏழு புத்தகங்களில், நிறமிழந்த லோகம் என்ற கற்பனைக்கு ஒரு சோபை உண்டு. வரிசை நீள நீள, தேவதையின் ஆடையையும் கூந்தலையும் சொல்லி முடித்தவுடன் அவளைப் பற்றிச் சொல்வதற்கு வேறொன்றும் மிஞ்சுவதில்லை. அவள் பிறரினின்று எந்தச் சுபாவத்தால் வேறுபட்டவள் என்பது வாசகருக்குத் தெரிவதேயில்லை. இது எழுதியவர்களின் இயலாமை அன்று. டெய்ஸி மெடோஸ் என்ற பெயரில் எழுதியவர்களுள் ஒருவரான நரிந்தர் தாமி, அதே 2003-இல் தம் சொந்தப் பெயரில் ‘பிந்தி பேப்ஸ்’ என்ற நாவலை வெளியிட்டார். தாயை இழந்த துக்கத்தை வெளியே காட்டாமல் வாழும் மூன்று சகோதரிகளையும், இந்தியாவிலிருந்து வந்து சேரும் அவர்களுடைய அத்தையையும் பற்றிய அக்கதையில் நகைச்சுவையும் உயிருள்ள உரையாடலும் நிறைந்திருக்கின்றன. அப்படி எழுத வல்ல கை இங்கே கட்டுண்டு கிடப்பது, கதையைத் திட்டமிட்டுக் கொடுத்து எழுதுவிக்கும் முறையின் குறையே.

எளிய நடையென்றால் வறண்டதாகத்தான் இருக்கும் என்று பிரசுரகர்த்தர்கள் சொல்வார்களானால், அதனை ஏற்பதற்கில்லை. ஆர்னல்ட் லோபல் 1970-இல் வெளியிட்ட தவளை, தேரை நண்பர்களின் கதைகள், மிகச் சில சொற்களால் நட்பின் நுட்பங்களையெல்லாம் காட்டிவிடுகின்றன. தேவதைக் கதையிலேயே உதாரணம் வேண்டுமாயின், 2016-இல் ஹாரியட் மன்காஸ்டர் தாமே எழுதித் தாமே இளஞ்சிவப்பிலும் கறுப்பிலும் சித்திரம் தீட்டித் தொடங்கிய ‘இசடோரா மூன்’ வரிசையைச் சொல்வேன். தாய் தேவதை, தந்தை இரத்தக்காட்டேரி. மகள் எந்தப் பள்ளிக்குப் போவது என்ற கேள்வி எழுகிறது. இரண்டிலும் பொருந்தாமல் சாதாரண மனிதக் குழந்தைகளின் பள்ளியில் இடம் தேடும் அவளுக்கு ஒரு மனம் இருக்கிறது. அம்மனத்துக்கு ஒரு சங்கடம் இருக்கிறது. பக்கங்களின் அளவும் எழுத்தின் அளவும் ஏறக்குறைய அதேதான்.

டோல்கீன் 1939-இல் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய சொற்பொழிவில், தேவதைக் கதையைக் குழந்தைகளின் அறைக்குள் அடைத்துவிட்டதையும், தேவதைகளைப் பூவுக்குள் ஒளியும் பூச்சிகளாகக் குறுக்கிவிட்டதையும் கண்டித்தார். அவருடைய தேவதைலோகத்தில் அபாயம் உண்டு, இப்புத்தகங்களில் இல்லை. இரவில் தனியே படிக்கும் ஆறு வயதுக் குழந்தைக்குப் பயத்தை அளந்து கொடுப்பது கருணையே என்று கருதுகிறேன். ஆயினும் அந்தக் கருணையிலேயே பத்து வயது வரை இருக்கும் குழந்தைக்குக் கற்பனா சக்தி வளராது என்பதில் டோல்கீனின் பக்கமே நியாயம் இருக்கிறது.

இன்னொரு வருத்தமும் உண்டு. ரெயின்போ மேஜிக்கைத் திட்டமிட்ட அதே நிறுவனம் 2007-இல் ‘பீஸ்ட் குவெஸ்ட்’ என்ற வரிசையைத் தொடங்கி, சிறுமிகளுக்குத் தேவதை, சிறுவர்களுக்குப் பூதமும் வாளும் என்று பங்கு பிரித்துவிட்டது. சிறு உயிரைக் காக்கும் ஆசை சிறுவனுக்கும் உண்டு. அவன் அந்த இளஞ்சிவப்பு அட்டையைக் கையில் எடுத்தால் யாரும் நகைக்கலாகாது.

நம் ஊரிலும் ஆங்கிலத்தில் படிக்கத் தொடங்கும் பிள்ளைகள் பலர் இப்புத்தகங்களைக் கேட்டு வாங்குகிறார்கள். பெற்றோர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான்: குழந்தை எட்டாவது தேவதையைப் படித்துக்கொண்டிருந்தால் அதைப் பிடுங்காதீர்கள்; நீங்களும் அதில் ஒன்றைப் படித்துவிட்டு, அந்தத் தேவதை எப்படிப்பட்டவள் என்று குழந்தையிடம் கேளுங்கள். ஆடையின் நிறத்துக்கு மேல் பதில் வராதபோது, இசடோரா மூனையோ தவளையையும் தேரையையுமோ நூலகத்திலிருந்து எடுத்துவந்து, முதல் அத்தியாயத்தை நீங்களே உரக்கப் படித்துக் காட்டுங்கள்.