வடித்த ஆயில் எங்கே போகிறது?

வேனின் கியர் ஆயிலை வீட்டு வாசலிலேயே மாற்றிக்கொள்வதில் நமக்கு மறுப்பில்லை. தன் இயந்திரத்தைத் தானே திறந்து பார்ப்பவர்கள் திருப்பூரில் என்றும் உண்டு. ஆட்டோமேட்டிக் கியர் என்றால் மட்டும் கூடுதல் நிதானம் வேண்டும். அதன் ஆயில் உராய்வைத் தணிப்பதோடு நிற்பதில்லை. தன் அழுத்தத்தால் கியரை மாற்றுவதும் அதுவே. டிரெயின் பிளக்கைக் கழற்றினாலும் டார்க் கன்வெர்ட்டருக்குள் ஒரு பகுதி தங்கிவிடும். ஆகவே வடிந்ததை அளந்து, தயாரிப்பாளர் குறித்த வகையையே அதே அளவு ஊற்ற வேண்டும். பிறகு, அவர் சொன்ன வெப்பநிலையில் மட்டத்தைச் சரிபார்க்க வேண்டும்.

நம் கேள்வி இதற்குப் பிறகே தொடங்குகிறது. கறுத்து வடிந்த ஆயில் எங்கே போகிறது?

வாசற் சாக்கடையில் ஊற்றினால் அது நொய்யலை நோக்கியே செல்லும். பாசனத்துக்கென 1992இல் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, சாயக்கழிவின் தேக்கமாகிப்போனதை இம்மாவட்டம் மறக்கவில்லை. 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம். அதனால் எத்தனை வீடுகளில் உலை கொதிக்காமல் போயிற்று என்பதையும் நாம் அறிவோம்.

பட்டறைக்கு ஒரு நீதி, வாசலுக்கு ஒரு நீதி என்றிருக்க முடியாது. பயன்படுத்திய ஆயிலைச் சட்டமும் அபாயகரக் கழிவாகவே கருதுகிறது. அதை மூடியுள்ள கேனில் சேர்த்து, மறுசுத்திகரிப்புக்கு அனுப்பும் உரிமம் பெற்றவரிடம் கொடுப்பதே முறை. அந்த வழி தெரிந்த பிறகு ஸ்பேனரை எடுக்கலாம் என்பதே நம் கருத்து.